ஆன்லைனில் ரோடு பைக் வாங்குமுன்: உங்கள் ஃப்ரேம் அளவை நீங்களே கணக்கிடுவது எப்படி?

ரோடு பைக்கில் கியர் சரிப்படவில்லை என்றால் மாற்றலாம். சக்கரம், சீட், ஹேண்டில்பார் எதையும் மாற்றலாம். ஃப்ரேம் அளவு தப்பிப்போனால் வண்டியையே விற்க வேண்டியதுதான். நிறம், கியர் எண்ணிக்கை, தள்ளுபடி எல்லாவற்றுக்கும் முன்னால் ஃப்ரேம் அளவைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். கடை என்றால் ஏறி உட்கார்ந்து பார்த்துவிடலாம், ஆன்லைனில் அந்த வசதி கிடையாது. ஆனால் ஒரு இஞ்ச் டேப், ஒரு தடித்த புத்தகம், தயாரிப்பாளர் கொடுக்கும் ஜியோமெட்ரி அட்டவணை (ஃப்ரேமின் நீளங்கள், கோணங்கள் எழுதிய பட்டியல்) இந்த மூன்றும் கையில் இருந்தால் பெரிய தவறு நடக்காது.

முதலில் தீர்க்க வேண்டிய குழப்பங்கள்

விளம்பரத்தில் ‘700சி’ என்று இருந்தால் அது சக்கரத்தின் அளவு. பெரியவர்களுக்கான ரோடு பைக் கிட்டத்தட்ட எல்லாமே 700சி சக்கரத்தில்தான் வரும், உங்கள் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர்க் கடைகளில் பழைய கறுப்பு சைக்கிளை ‘22 இன்ச்’, ‘24 இன்ச்’ என்று கேட்டு வாங்கினால் அது ஃப்ரேம் அளவு. பிள்ளைகள் சைக்கிளை ‘20 இன்ச்’ என்று கேட்டால் அது சக்கர அளவு. இரண்டும் பழகிய நாக்குக்கு ஆன்லைன் விளம்பரத்தில் குழப்பம் வருவது இயல்பு. ரோடு பைக் ஃப்ரேமைச் சென்டிமீட்டரில் 50, 52, 54 என்றோ, எஸ், எம், எல் என்றோ குறிப்பார்கள். 17 அங்குலம், 19 அங்குலம் என்று ஃப்ரேமைக் குறித்திருந்தால் அது பெரும்பாலும் மலை சைக்கிளோ ஹைபிரிடோதான். அந்த எண்ணை 2.54 ஆல் பெருக்கி ரோடு பைக் அளவுக்குக் கொண்டுவர முயல வேண்டாம், பொருந்தாது.

இரண்டாவது குழப்பம் உயரத்தை எழுதுவதில். 5 அடி 6 அங்குலம் என்பது 167.6 செ.மீ. அதை ‘5.6 அடி’ என்று கால்குலேட்டரில் போட்டால் 170.7 செ.மீ. வரும். 3 செ.மீ. வித்தியாசம் பல அட்டவணைகளில் உங்களை அடுத்த அளவுக்குத் தள்ளிவிடும். உயரத்தைச் செ.மீ.யிலேயே அளந்து, செ.மீ.யிலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, ஃப்ரேமில் ஒட்டியிருக்கும் எண். முன்பெல்லாம் டாப் ட்யூப் (சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே மேலே ஓடும் குழாய்) தரைக்கு இணையாக இருக்கும். சீட் ட்யூப் (சீட்டைத் தாங்கும் குழாய்) 54 செ.மீ. என்றால் ஃப்ரேம் 54. 1990களின் பிற்பாதியில் ஜெயன்ட் நிறுவனத்தின் டிசிஆர் போன்ற வண்டிகள் பின்பக்கம் சரிந்த டாப் ட்யூபோடு வந்தபிறகு சீட் ட்யூப் குட்டையாகிவிட்டது. இன்று 54 என்று எழுதிய ஃப்ரேமில் 54 செ.மீ. நீளத்தில் ஒரு குழாய்கூட இல்லாமல் இருக்கலாம். அது ஒரு பெயர், அவ்வளவுதான். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எஸ்ஸுக்குச் சமமாக இருப்பதும் உண்டு.

படி 1: உடம்பை அளப்பது

உயரத்தைவிட உள்கால் அளவுதான் முக்கியம். பாதம் படும் தரையிலிருந்து கவட்டு எலும்பு வரை உள்ள உயரம் அது. பேன்ட் தைக்கும்போது எடுக்கும் உள்கால் அளவை இங்கே பயன்படுத்தக் கூடாது. துணியின் தையலில் தொடங்கிக் கணுக்காலில் முடிவதால் அது பல செ.மீ. குறைவாகவே இருக்கும்.

1. வெறுங்காலோடு, ஒட்டிய ஷார்ட்ஸ் போட்டு, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே 15 செ.மீ. இடைவெளி போதும்.
2. 2 முதல் 3 செ.மீ. தடிமனுள்ள கெட்டி அட்டைப் புத்தகத்தை, முதுகுப்பகுதி மேலே இருக்கும்படி கவட்டுக்குள் வையுங்கள். சைக்கிள் சீட்டில் உட்காரும்போது எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்குங்கள். மெதுவாக வைத்தால் 1 முதல் 2 செ.மீ. குறைந்து போகும்.
3. புத்தகத்தின் ஓரம் சுவரோடு ஒட்டி இருக்கட்டும், அப்போதுதான் சாயாது. ரசமட்டம் இருந்தால் அதையும் வைத்துப் பாருங்கள்.
4. இன்னொருவரைக் கொண்டு புத்தகத்தின் மேல்விளிம்பில் சுவரில் கோடு போடச் சொல்லி, தரையிலிருந்து அளவெடுங்கள். மூன்று முறை அளக்க வேண்டும். அரை செ.மீ.க்கு மேல் மாறினால் திரும்பவும் அளவெடுங்கள்.

அடுத்து, கைகளைப் பக்கவாட்டில் விரித்து ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். தோளின் இருபுறமும் மேலே துருத்தும் எலும்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் எழுதி வையுங்கள், ஹேண்டில்பார் அகலத்துக்கு அது வேண்டும்.

உள்காலை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 168 செ.மீ. உயரம், 77 செ.மீ. உள்கால் என்றால் 0.458. இது 0.46ஐ ஒட்டி இருந்தால் நடுத்தரமான உடல்வாகு. 0.48ஐ நெருங்கினால் கால் நீளம், உடல் குட்டை. 0.44க்குக் கீழே போனால் கால் குட்டை, உடல் நீளம். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு வேறு வேறு ஃப்ரேம் தேவைப்படுவதற்குக் காரணம் இந்த விகிதம்தான். உயரத்தை மட்டும் கேட்டு அளவு சொல்லும் இணையதளங்கள் சறுக்குவதும் இங்கேதான்.

படி 2: தோராயக் கணக்கு

டூர் டி பிரான்ஸை 1986, 1989, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்டின் பெயரில் புழங்கும் கணக்கு இன்றும் நல்ல தொடக்கம். உள்காலை 0.883 ஆல் பெருக்கினால் சீட் உயரம் கிடைக்கும். கிராங்க் (பெடல் மாட்டும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து, சீட் ட்யூபின் சரிவிலேயே மேலே போய், சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள நீளம் அது. 77 × 0.883 = 68 செ.மீ. உள்காலை 0.65 ஆல் பெருக்கினால், டாப் ட்யூப் சமமாக இருக்கும் பழைய பாணி ஃப்ரேமின் அளவு கிடைக்கும். 77 × 0.65 = 50. இது சீட் ட்யூபை அச்சு மையத்திலிருந்து டாப் ட்யூபின் மையம் வரை அளக்கும் முறை. குழாயின் உச்சிவரை அளக்கும் கம்பெனிகளுக்கு 0.67 ஆல் பெருக்குங்கள், 51.6 வரும்.

உயரத்தை வைத்துச் சரிபார்க்க ஒரு வழக்கமான பட்டியல் இருக்கிறது: 152 முதல் 160 செ.மீ. வரை 48 முதல் 50, 160 முதல் 168 வரை 50 முதல் 52, 168 முதல் 175 வரை 53 முதல் 55, 175 முதல் 183 வரை 56 முதல் 58. இதில் வரும் எண்ணும் லெமாண்ட் கணக்கில் வரும் எண்ணும் ஒன்றையொன்று தொட்டால் நல்லது. 3 செ.மீ.க்கு மேல் விலகினால் முதலில் உள்காலைத் திரும்ப அளவெடுங்கள். அதன்பிறகும் விலகினால் உங்கள் உடல்வாகு சராசரி இல்லை, அடுத்த படியை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

படி 3: ஸ்டாக், ரீச்

அளவைத் தீர்மானிக்கும் இடம் இது. ஜியோமெட்ரி அட்டவணையில் இருபது வரிகள் இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டுதான். கிராங்க் அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே, ஹெட் ட்யூபின் (ஹேண்டிலுக்குக் கீழே முன்பக்கம் நிற்கும் குட்டைக் குழாய்) உச்சி மட்டம் வரை உள்ள உயரம் ஸ்டாக். அதே மையத்திலிருந்து முன்பக்கமாக, ஹெட் ட்யூப் உச்சியின் மையம் வரை உள்ள கிடைமட்டத் தூரம் ரீச். ஹேண்டில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை ஸ்டாக் சொல்லும், எவ்வளவு எட்டிப் பிடிக்க வேண்டும் என்பதை ரீச் சொல்லும். சரிந்த டாப் ட்யூப் பழைய சீட் ட்யூப் அளவைக் குழப்பியதுபோல இவற்றைக் குழப்பாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்7, 54 அளவு: ஸ்டாக் 544 மி.மீ., ரீச் 384 மி.மீ. ட்ரெக் டொமானே எஸ்எல், அதுவும் 54: ஸ்டாக் 575, ரீச் 374. இரண்டிலும் எண் 54தான். ஆனால் டொமானேயின் முன்பக்கம் 31 மி.மீ. உயரம். முதலாவது பந்தய வண்டி, இரண்டாவது நீண்ட தூரம் நிமிர்ந்து ஓட்டும் ‘எண்டியூரன்ஸ்’ வகை. புதிதாக ஓட்டத் தொடங்குபவர் டார்மாக்கில் குனிந்து கழுத்து வலியோடு திரும்புவார். அதே ஆள் டொமானேயில் வலியில்லாமல் 60 கி.மீ. போய்விட்டு வருவார்.

ரீச்சை ஒப்பிடும்போது ஒரு திருத்தம் வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஹெட் ட்யூப் பின்னால் சாய்ந்திருப்பதால், ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் கழுத்து) அடியில் 10 மி.மீ. ஸ்பேசர் (வளையம்) போட்டால் ஹேண்டில் சுமார் 3 மி.மீ. பின்னாலும் வருகிறது. ஆகவே இரண்டு ஃப்ரேம்களின் ரீச்சை அப்படியே ஒப்பிடக் கூடாது, முதலில் உயரத்தைச் சமமாக்க வேண்டும். ஸ்டாக் குறைவான வண்டிக்கு, குறையும் ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் ரீச்சில் 3 மி.மீ. கழியுங்கள். மேலே சொன்ன டார்மாக்கை 31 மி.மீ. உயர்த்தினால் அதன் ரீச் 384லிருந்து 375க்கு வந்துவிடும். டொமானேயின் 374க்கு அது கிட்டத்தட்டச் சமம். எட்டிப் பிடிக்கும் தூரம் இரண்டிலும் ஒன்றுதான், உண்மையான வித்தியாசம் உயரத்தில் மட்டும்.

அதே டார்மாக்கில் 52 அளவுக்கு ஸ்டாக் 527, ரீச் 380. 54க்கும் 52க்கும் ரீச்சில் வெறும் 4 மி.மீ. என்று தோன்றும். உயரத்தைச் சமமாக்கினால் வித்தியாசம் 9 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு ஸ்டெம் அளவு. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தூக்கம் கெடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து அளவுகளுக்கு இடையே இருப்பது ஸ்டெம் நீளத்தில் 10 மி.மீ.யும் ஸ்பேசரில் 15 முதல் 20 மி.மீ.யும்தான். நடுவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டுமே பொருந்தும். இரண்டு அளவு தள்ளிப்போவதுதான் ஆபத்து.

டாப் ட்யூப் நீளத்தை வைத்து ஒப்பிடுவது சின்ன ஃப்ரேம்களில் ஏமாற்றும். சின்ன அளவுகளில் சீட் ட்யூபைச் செங்குத்தாக, 74, 75 டிகிரி வரை நிமிர்த்துவார்கள். ஒரு டிகிரி நிமிர்த்தினால் டாப் ட்யூப் காகிதத்தில் 9 மி.மீ. அளவுக்குக் குறையும், ரீச் ஒரு மி.மீ.கூடக் குறையாது. உங்கள் தொடை நீளத்துக்காகச் சீட்டைப் பின்னால் தள்ளியதும் அந்த ‘குட்டை’ டாப் ட்யூப் காணாமல் போய்விடும். 160 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ளவர்கள் டாப் ட்யூப் வரியைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், ரீச் வரியைப் பாருங்கள்.

படி 4: தெரிந்த வண்டியோடு ஒப்பிடுங்கள்

ஸ்டாக் 544 என்று படித்தால் அது உங்கள் முதுகுக்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் உடம்புக்குப் பழகிய ஒரு வண்டியை அளவெடுங்கள். நண்பருடைய ரோடு பைக் போதும். டெக்கத்லான் கடை பக்கத்தில் இருந்தால், வாங்கப் போவது வேறு பிராண்டாக இருந்தாலும், அங்கே நிற்கும் ரோடு பைக்கில் உட்கார்ந்து பாருங்கள். எந்த அளவு சௌகரியமாக இருக்கிறதோ அந்த வண்டியின் ஸ்டாக், ரீச் எண்களை அட்டவணையிலிருந்து குறித்துக்கொள்ளலாம்.

அட்டவணை கிடைக்காத வண்டி என்றால் டேப்பாலேயே எடுக்கலாம். பின் சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். சுவரிலிருந்து கிராங்க் அச்சின் மையம் வரையும், சுவரிலிருந்து ஹெட் ட்யூப் உச்சியின் மையம் வரையும் கிடைமட்டமாக அளந்து கழித்தால் ரீச். தரையிலிருந்து இரண்டின் உயரத்தையும் அளந்து கழித்தால் ஸ்டாக். டேப் சாயாமல் பிடிக்க இன்னொருவர் வேண்டும். 5 மி.மீ. பிழை இருந்தால் பரவாயில்லை.

படி 5: இரண்டு அளவுக்கு நடுவில் நிற்பவர்களுக்கு

கால் நீளமாக, உடல் குட்டையாக இருப்பவருக்கு ஸ்டாக் அதிகமான, ரீச் குறைவான எண்டியூரன்ஸ் வகை ஃப்ரேம் பொருந்தும். இவர்கள் பந்தய ஃப்ரேமில் சின்ன அளவை எடுத்தால் சீட் உயரே போய் ஹேண்டில் பள்ளத்தில் கிடக்கும். உடல் நீளமானவர்கள், கைவிரிப்பு உயரத்தைவிட 4, 5 செ.மீ. கூடுதலாக உள்ளவர்கள் பெரிய அளவை எடுக்கலாம்.

‘சந்தேகம் வந்தால் சின்னது எடு’ என்ற பழைய அறிவுரை பாதி சரி. சின்ன ஃப்ரேமில் சீட்போஸ்ட்டை ஏற்றலாம், நீள ஸ்டெம் போடலாம். பெரிய ஃப்ரேமைக் குறுக்க வழி குறைவு. ஸ்டெம்மை 70 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோனால் வண்டியின் முன்பக்கம் படபடவென்று திரும்பும். ஆனால் சின்ன ஃப்ரேமிலும் ஹேண்டிலை எல்லையில்லாமல் உயர்த்த முடியாது. கார்பன் ஸ்டீரர் (ஹெட் ட்யூபுக்குள் மேலே போகும் ஃபோர்க் குழாய்) உள்ள பல ஃபோர்க்குகளில் 30 முதல் 40 மி.மீ. ஸ்பேசரோடு தயாரிப்பாளர் எல்லை வகுத்துவிடுகிறார். உடம்பு வளையாத தொடக்கக்காரருக்கு இந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

ஆகவே கணக்குப் போட்டுவிடுவதே நல்லது. சீட் உயரம் 68 செ.மீ. என்றால், சீட் ட்யூபின் சரிவைக் கழித்து நேர் உயரம் சுமார் 652 மி.மீ. (73.5 டிகிரிக்கு 0.959 ஆல் பெருக்குங்கள்). ஹேண்டில் பக்கம்: ஃப்ரேம் ஸ்டாக் 530, அதன் மேல் ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) மூடி 10, ஸ்பேசர் 20, ஸ்டெம் கழுத்தில் பாதி 20, இந்த 50 சரிவால் 48 ஆகும். 90 மி.மீ., மைனஸ் 6 டிகிரி ஸ்டெம் தரும் ஏற்றம் 17. ஹேண்டில் குழாயின் பாதித் தடிமன் 16. மொத்தம் 611. சீட்டைவிட ஹேண்டில் 41 மி.மீ. கீழே இருக்கும். புதியவருக்கு 0 முதல் 50 மி.மீ. வரை சௌகரியம். பழகியவர்கள் 50 முதல் 100 வரை போகலாம். கணக்கில் 70, 80 என்று வந்தால் அடுத்த அளவையோ எண்டியூரன்ஸ் வகையையோ பாருங்கள். கொஞ்சம்தான் இடிக்கிறது என்றால் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். 100 மி.மீ. ஸ்டெம் மைனஸ் 6லிருந்து பிளஸ் 6க்கு மாறினால் ஹேண்டில் 20 மி.மீ. உயரும், செலவு ஒன்றுமில்லை.

சீட்போஸ்ட்டையும் பார்த்துவிடுங்கள். 68 செ.மீ.யிலிருந்து சீட் ட்யூப் நீளத்தையும், சீட்டின் உயரமாக 5 செ.மீ.யையும் கழித்தால் வெளியே தெரியும் போஸ்ட் நீளம். சீட் ட்யூப் 46 என்றால் 17 செ.மீ., எந்தச் சிக்கலும் இல்லை. 5 செ.மீ.க்குக் கீழே வந்தால் ஃப்ரேம் உங்களுக்குப் பெரியது. போஸ்ட்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியும் நிலை வந்தால் சின்னது. அந்தக் கோட்டைத் தாண்டி ஏற்றி ஓட்டினால் ஃப்ரேம் விரிசல் விடும்.

அளவோடு சேர்ந்து வரும் பாகங்கள்

ஹேண்டில்பாருக்கும் ஒரு ரீச் உண்டு: நேர்ப்பகுதியிலிருந்து வளைவு எவ்வளவு முன்னே போகிறது என்பது. 70 மி.மீ. பாரும் 85 மி.மீ. பாரும் உண்டு. அந்த 15 மி.மீ. ஒரு ஃப்ரேம் அளவைவிடப் பெரிய வித்தியாசம், ஆனால் விளம்பரத்தில் யாரும் எழுத மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள். அகலத்தைத் தோள் எலும்பு அளவோடு ஒப்பிடலாம், 38 செ.மீ. தோளுக்கு 38 அல்லது 40.

கிராங்க் நீளம் 165, 170, 172.5, 175 என்று வரும். உள்கால் 75 செ.மீ.க்குக் குறைவானவர்களுக்கு 165 அல்லது அதற்கும் குட்டையானது நல்லது. சின்ன ஃப்ரேமிலும் 170ஐ மாட்டி அனுப்பும் கம்பெனிகள் உண்டு. சின்ன ஃப்ரேமில் இன்னொன்று: திரும்பும்போது ஷூ நுனி முன் சக்கரத்தில் உரசும். அட்டவணையில் ‘ஃப்ரண்ட் சென்டர்’ (கிராங்க் அச்சிலிருந்து முன் சக்கர அச்சு வரை உள்ள தூரம்) 580 மி.மீ.க்குக் கீழே இருந்தால் உரச வாய்ப்பு அதிகம். வேகத்தில் ஹேண்டில் அவ்வளவு திரும்பாது என்பதால் ஆபத்தில்லை. சிக்னலில் மெதுவாகத் திரும்பும்போதுதான் கவனம் வேண்டும்.

ஸ்டெம்மும் ஹேண்டிலும் ஒரே வார்ப்பாக, கேபிள் உள்ளே ஓடும் வண்டிகளை முதல் ரோடு பைக்காக ஆன்லைனில் வாங்காமல் இருப்பது நல்லது. சாதாரண ஸ்டெம்மைச் சில திருகுகளைக் கழற்றிச் சீக்கிரம் மாற்றலாம். இதை மாற்ற வண்டி விலையில் ஒரு பங்கு ஆகும், பிரேக் குழாய்களையும் பிரிக்க வேண்டி வரலாம்.

பழைய வண்டி என்றால்

விற்பவரிடம் ஃப்ரேம் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். ஸ்டெம் பகுதியைப் பக்கவாட்டில் எடுத்த படம் கேளுங்கள். ஸ்டீரரை முன் உரிமையாளர் தன் உயரத்துக்கு வெட்டியிருந்தால் ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசரே இருக்காது. வெட்டியதை ஒட்ட முடியாது. அளவு சரியான ஃப்ரேமும் அப்போது உங்களுக்குப் பள்ளமாகிவிடும். சீட் ட்யூப் வழியாக அச்சிலிருந்து சீட் வரை அவர் வைத்திருக்கும் உயரத்தையும் கேளுங்கள். உங்கள் 68க்கு அவருடையது 76 என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பெட்டி வந்ததும்

சக்கரத்தை மாட்டுங்கள், பெடலை இன்னும் மாட்ட வேண்டாம். பெடல் ஏறியதும் கிராங்கில் வட்டத் தடம் விழும், திருப்பி அனுப்பும்போது அது வம்பு. முதலில் டேப்பால் ஸ்டாக், ரீச் இரண்டையும் எடுத்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பெட்டியின் மேல் 52 என்று ஒட்டி உள்ளே 54 இருப்பதும் நடக்கும். எண்கள் பொருந்தினால் சீட்டை உங்கள் கணக்கில் வந்த உயரத்துக்கு ஏற்றி, செருகல் கோடு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெடலை மாட்டலாம். இடது பெடல் எதிர்த்திசையில் முறுகும், வலுக்கட்டாயமாகத் திருப்பினால் மரை போய்விடும்.

வாசற்படிச் சட்டத்தைப் பிடித்தபடி ஏறி, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கீழே வரும்போது கால் நேராக வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பிரேக் ஹூட்களை (பிரேக் லீவர் மேலுள்ள ரப்பர் பிடிகளை) பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கி, தோள் தளர்ந்திருந்தால் சரி. கை விறைத்து நீண்டு, உடம்பு சீட்டின் மூக்கை நோக்கி வழுக்கினால் ரீச் அதிகம். முழங்கால் முழங்கையை நெருங்கி, உள்ளங்கையில் பாரம் முழுவதும் இறங்கினால் ரீச் குறைவு அல்லது ஹேண்டில் பள்ளம். ‘ஹூட்டைப் பிடித்தால் முன் சக்கர அச்சை ஹேண்டில் மறைக்க வேண்டும்’ என்று சிலர் சொல்வார்கள். ஸ்டெம் நீளமும் ஃபோர்க் சாய்வும் வண்டிக்கு வண்டி மாறுவதால் அதை நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் வீட்டுக்குள், டயரில் மண் படுவதற்கு முன் செய்யுங்கள். தவறு 10 மி.மீ.க்குள் இருந்தால் ஸ்டெம் மாற்றினால் போதும். 20 மி.மீ.க்கு மேல் போனால் திருப்பி அனுப்புங்கள். அதற்கு அட்டைப்பெட்டியும், உள்ளே வந்த ஃபோர்க் தாங்கியும், நுரைக் குழாய்களும் அப்படியே வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.